முசிறி நெய்தலில் இல்லை: பண்பாட்டுக் கண்காட்சிகளும் திணைக் கோட்பாடும்

பண்டைச் சேரர் துறைமுகமான முசிறியை மையமாகக் கொண்டு அமைக்கப்படவிருந்த ஒரு கண்காட்சியின் பலகை வரைவுகள் அண்மையில் இக்கட்டுரையாளரிடம் வந்தன. பல பண்பாடுகள் கலந்த ஓர் இடத்தின் அடையாளத்தைப் பார்வையாளர்க்கு உணர்த்துவது கண்காட்சியின் நோக்கம் என்று முகவுரையில் குறிக்கப்பட்டிருந்தது. நோக்கம் பாராட்டிற்குரியது. வரைவுகள் எம்மிடம் வந்தது எழுத்துப்பிழை நோக்குவதற்காக மட்டுமே. அரங்கு ஐந்து அறைகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு திணைப்பெயர். குறிஞ்சியில் மிளகுக்கொடியும் தேனடையும், முல்லையில் ஆநிரை, மருதத்தில் வயல், பாலையில் மணற்குன்று. ஐந்தாவதாகிய நெய்தல் அறையில் பாய்விரித்த பெரிய கலம் ஒன்றும், அதன் மேல் யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு மீள்வதைக் கூறும் அகநானூற்று அடியும்.

எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. பிழை அமைப்பிலேயே இருந்தது. அந்த அடி இடம்பெறும் பாட்டு நெய்தல் திணையினது அன்று, பாலைத் திணையினது. இதனைச் சுட்டி எழுதியபோது கிடைத்த மறுமொழி, பார்வையாளர் ஒரு பலகையின் முன் அரை நிமிடம்கூட நிற்பதில்லை, ஆதலின் துறைமுகத்தைக் கடலறையில் வைப்பதே பொருத்தம் என்பதாகும். இம்மறுமொழியின் பின்னே உள்ள கருத்தோடு வழக்காடுவதே இக்கட்டுரையின் நோக்கம். வழக்கின் ஒரு பகுதி கண்காட்சி அமைப்பாளரோடு. பெரும்பகுதி தமிழ்த்துறைகளில் இருக்கும் நம்மோடு.

மேற்கோளாகிவிட்ட மூன்று பாட்டுகள்

முசிறி என்றவுடன் எடுத்துக்காட்டப்பெறும் சங்கப் பாடல்கள் மூன்று: அகநானூறு 57, 149, புறநானூறு 343. இவற்றுள் அகநானூற்றின் இரண்டும் ஒற்றைப்படை எண்ணின. அந்நூலின் வைப்புமுறையில் ஒற்றைப்படை எண் பெற்றவை அனைத்தும் பாலை என்பது முதலாண்டு மாணவரும் அறிந்த செய்தி. புறநானூற்றுப் பாட்டு காஞ்சித் திணை, மகட்பாற் காஞ்சித் துறை. ஆக, கடற்கரைப் பேரூராகிய முசிறி இம்மூன்றனுள் ஒன்றில்கூட நெய்தற் பாட்டில் இடம்பெறவில்லை. இது தற்செயல் என்று தள்ளிவிடக்கூடியதா என்பதைப் பாட்டுகளைப் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய அகநானூற்று 149ஆம் பாட்டு கறையான் எடுத்த புற்றோடு தொடங்குகிறது. அப்புற்றிலுள்ள இரையை வெறுத்த கரடிக்கூட்டம் இருப்பைப் பூவைக் கவரும் நெடிய அருவழி அது. அவ்வழியே சென்று பெறற்கரிய பெரும்பொருளை எளிதாகப் பெறுவதாயினும் உன்னோடு வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சிடம் கூறுகிறான். ஏன் வாரான்? தலைவியின் கண்கள் நீர்கொள்ளும் என்பதால். அக்கண்கள் எத்தகையவை? கூடலின் மேற்கேயுள்ள குன்றத்துச் சுனையில் பூத்த நீலமலர்ப் பிணையல் போன்றவை. அக்கூடல் யாருடையது? முசிறியை வளைத்துப் போரிட்டு வென்று அங்கிருந்த படிமத்தைக் கவர்ந்துவந்த பாண்டியனுடையது. அம்முசிறி எத்தகையது? இங்குத்தான் பேரியாற்றின் வெண்ணுரை கலங்கக் கலம் வந்து மீளும் செய்தி வருகிறது. ஒன்றனுள் ஒன்றாய் அடுக்கிய அடைமொழிகளின் அடித்தளத்தில் யவனர் கலம் இருக்கிறது. அதன் மேல் ஒரு முற்றுகை. முற்றுகையின் மேல் ஒரு மலை. மலையின் மேல் ஒரு சுனை. எல்லாவற்றிற்கும் மேல், பொருள் வேண்டா என்னும் ஒரு மறுப்பு.

கண்காட்சிப் பலகை செய்வது யாது? அடித்தளத்துக் கல்லை மட்டும் உருவி எடுத்து, 'பண்டைய வணிகச் செழிப்பு' என்று எழுதி மாட்டுகிறது. பாட்டு செழிப்பை மறுக்கவில்லை. செழிப்பைத் தெரிந்தே ஒதுக்குகிறது. அவ்வூர் ஒருகால் சூறையாடப்பட்டது என்பதையும் அதே மூச்சில் நினைவூட்டுகிறது. நக்கீரர் பாடிய 57ஆம் பாட்டிலோ கலமும் இல்லை, மிளகும் இல்லை. செழியன் முசிறியை முற்றி யானைகள் மடியப் பொருத போரில் ஆற்றற்கரிய புண்பட்டோர் போலத் தலைவி வருந்தியிருப்பாளே என்று சுரத்திடை நிற்கும் தலைவன் எண்ணுகிறான். முசிறி இங்கு ஒரு புண்ணின் பெயர். இப்பாட்டு எந்தக் கண்காட்சிப் பலகையிலும் இக்கட்டுரையாளர் கண்ணிற்பட்டதில்லை. 'வளம்' என்னும் சொல்லுக்குக் கீழே அதனை ஒட்ட இயலாது அல்லவா?

பரணர் பாடிய புறநானூற்று 343ஆம் பாட்டுக்கு வருவோம். மீனை விற்று மாற்றாகப் பெற்ற நெல்லை அம்பியிற் குவித்தலால் மனையும் படகும் மயங்கித் தோன்றுகின்றன. மனைகளில் குவித்த மிளகு மூடைகளால் கரை தடுமாறுகிறது. கலம் கொணர்ந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணிகள் கரை சேர்க்கின்றன. குட்டுவன் மலைபடு பொருளையும் கடல்படு பொருளையும் வருவோர்க்கு வழங்குகிறான். இத்தனையும் கூறிய புலவர், இத்தகைய முசிறியை ஒத்த பொருளைப் பணிந்து வந்து கொடுத்தாலும் தகுதியில்லாதவனை இவள் மணவாள் என்று முடிக்கிறார். அதற்கப்பால் மதிலில் சார்த்திய ஏணிகள், பருந்து தங்கும் இடைமதில், படை சூழ்ந்த ஊர். ஒரு பெண்ணின் பொருட்டு அழியப்போகும் ஊர்க்காக இரங்கும் பாட்டு இது. முசிறி மணமகள் விலையாக நீட்டப்பட்டு மறுக்கப்படுகிறது.

ஆக, மூன்று பாட்டிலும் முசிறி யாரோ ஒருவர் தொலைவில் நின்று நினைக்கும் ஊர். மூன்றிலும் அது ஓர் அளவுகோல்: செல்வத்திற்கு அளவு, துன்பத்திற்கு அளவு. இடத்தை உணர்தல் என்று கண்காட்சியாளர் எதனைத் தேடுகிறார்களோ அது இங்கே கண்முன் கிடக்கிறது. முசிறியைக் காணாத ஒருவன் வறண்ட வழியில் நின்று முசிறியை எண்ணும்போது அவ்வூர் அவனுக்கு என்னவாக இருந்தது என்பதே பாட்டு தரும் சான்று. அதனை விடுத்துக் கலத்தின் படத்தை வரைந்து மாட்டுவதற்குச் சங்க இலக்கியம் தேவையில்லை. படம் வரைபவர் போதும்.

ஐந்து அறை என்னும் மயக்கம்

திணைகளை ஐந்து காட்சிப்பெட்டிகளாக அமைக்கும் வழக்கம் மாநாட்டுப் பொருட்காட்சிகளிலும் பள்ளி விழாக்களிலும் பூங்காக்களிலும் வேரூன்றிவிட்டது. அதற்குத் தொல்காப்பியத்தின் இசைவு இருப்பதாகவே பலரும் நம்புகின்றனர். உண்மை வேறு. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் பின்னது முன்னதினும் சிறந்தது என்பதே அகத்திணையியலின் கொள்கை. நிலமும் பொழுதும் முதற்பொருள். வரிசையில் முதலாயினும் சிறப்பில் இறுதி. காட்சிப்பெட்டி முதற்பொருளையும் கருப்பொருளையும் மட்டுமே காட்ட வல்லது. மரம், விலங்கு, பறை, தொழில் எல்லாம் பெட்டிக்குள் அடங்கும். பிரிவும் இரங்கலும் அடங்கா. அடங்காததை விட்டுவிட்டு அடங்கியதைத் திணை என்று பெயரிட்டு வழங்குகிறோம்.

பாலைக்கு மணற்குன்று வைப்பது இதனினும் பெரிய நகைப்புக்குரியது. தொல்காப்பியர் பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை வடிவு கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் விளக்கம். இராசத்தானத்து மணல்மேட்டின் ஒளிப்படத்தைப் பாலை என்று ஒட்டிவைத்த அரங்கு ஒன்றையும் கண்டதுண்டு. ஆங்கிலத்தில் பாலைவனத்திற்கு வழங்கும் சொல்லைத் தமிழாக்கம் செய்து மீண்டும் தமிழிலக்கியத்தின் மேல் ஏற்றியதன் விளைவு அது. தனிநாயக அடிகள் தமிழ்ப் பாட்டில் நிலம் பெறும் இடத்தை ஆங்கிலத்தில் ஆராய்ந்து உலகறியச் செய்தார். ஏ. கே. இராமானுசன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்புக்கு அகநிலம் என்னும் பொருள்படும் தலைப்பை இட்டார். அத்தலைப்பில் 'அக' என்னும் பாதியைக் கழித்துவிட்டு 'நில' என்னும் பாதியை மட்டும் அமைப்பாளர்கள் எடுத்துக்கொண்டனர் போலும்.

இனி, பண்பாட்டுக் கலப்பைக் காட்ட முனையும் ஒரு கண்காட்சிக்குத் தொல்காப்பியத்தில் உண்மையிலேயே பயன்படும் பகுதி எது? திணைமயக்கம் பற்றிய நூற்பாக்கள். திணைகள் மயங்குதல் விலக்கப்படவில்லை. நிலங்கள் ஒருங்கு மயங்குதல் மட்டுமே இல்லை என்று கூறப்படுகிறது. உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும். இவற்றோடு சேர்த்து நோக்கத்தக்கது பூவும் புள்ளும் பற்றிய நூற்பா. எந்நிலத்துக்கு உரிய பூவும் பறவையும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராவிடினும், எந்நிலத்திற்கு வந்தனவோ அந்நிலத்தின் பயனைக் கொள்ளும் என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதனைச் செய்யுளின்கண் கருப்பொருள் மயங்குதற்கு விதியாகவே கொண்டனர். அதனை ஒரு கண்காட்சிக் கொள்கையாகப் படிப்பதற்கும் தடையில்லை. வந்த பொருளை, வந்து சேர்ந்த இடத்தைக் கொண்டு அறிக என்கிறது அது. ஐந்து சுவர் எழுப்பி ஐந்து அறை கட்டுவோர் இந்நூற்பாவைப் படித்திருந்தால் சுவர் எழுப்பியிரார்.

தோணிக்காரன் எங்கே?

மேற்கண்ட கொள்கையைப் பொருள்களின் மேல் பொருத்திப் பார்ப்போம். எறணாகுளம் மாவட்டத்துப் பட்டணம் என்னும் ஊரில் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் அகழாய்வு நடத்தியது. அவ்விடமே முசிறியா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இக்கட்டுரையின் வாதம் அதனைச் சார்ந்ததன்று. அங்கு நடுநிலக்கடற் பகுதியின் இருகாது சாடிகளின் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. மேற்காசியப் பகுதியைச் சேர்ந்த நீலப்பச்சை மெருகிட்ட மட்கலங்களும் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் உள. அவற்றுள் ஒன்று 'அமண' என்று படிக்கப்பட்டது. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள, அயினி மரத்தில் குடைந்த ஒரு தோணியின் எச்சமும், அருகே படகு கட்டும் மரமுளைகளும் வெளிப்பட்டன.

இவற்றுள் எதனைக் கண்காட்சியின் நடுவில் வைப்பது? வழக்கமான விடை, சாடி. அதனருகே உரோமாபுரியிலிருந்து முசிறிக்கு அம்பு பாயும் நிலப்படம். வந்தவனே வரலாற்றைத் தொடங்கி வைத்தான் என்னும் எண்ணத்தை அந்த அம்பு பார்வையாளர் மனத்தில் ஊன்றுகிறது. செங்கடற்கரையில் உள்ள குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓடுகளில் 'கணன்', 'சாதன்' என்னும் பெயர்கள் தமிழ் பிராமியில் உள்ளன. அங்கேயே கிடைத்த மற்றொரு சாடித்துண்டின் எழுத்துகளை ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார். உறியில் வைக்கும் பானை என்பது பொருள். பெரனிகேக் கோயிலில் இந்தியச் சாடி ஒன்றனுள் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. ஆக, அம்பு இருதலை உடையது. சாத்தன் என்னும் பெயருடையான் ஒருவன் எகிப்தியத் துறையில் தன் சாடியில் தன் பெயரைப் பொறித்துவைத்த செய்தியைப் பலகையில் ஏற்றாமல், யவனர் வந்தனர் என்று மட்டும் எழுதுவது எவ்வகைப் பண்பாட்டுக் கலப்பு?

நடுவில் வைக்கவேண்டியது தோணி. காரணம், மூன்று சான்றுகள் அதன்மேல் வந்து கூடுகின்றன. கழித்தோணிகள் பொன்னைக் கரை சேர்த்ததாகப் பரணர் கூறுகிறார். முசிறியில் கலங்கள் நிற்குமிடம் கரைக்குத் தொலைவு, சரக்கு படகுகளில் ஏற்றி இறக்கப்படுகிறது, அண்மையில் கடற்கொள்ளையரும் உளர், ஆதலின் அது விரும்பத்தக்க துறையன்று என்று முதல் நூற்றாண்டினரான மூத்த பிளினி எழுதுகிறார். மண்ணுக்கடியில் தோணியே கிடைத்திருக்கிறது. தமிழ்ப் புலவரும் இலத்தீன் ஆசிரியரும் அகழ்குழியும் ஒருமுகமாகச் சுட்டுவது கழிவழி அறிந்த உள்ளூர்த் தோணிக்காரனை. பெருங்கலம் அவனன்றிக் கரை காணாது. எனினும் கண்காட்சிகளில் அரசன் உண்டு, யவனன் உண்டு, வணிகன் உண்டு, அவன் இல்லை. மீன் விற்று நெல் பெற்ற பெண்டிரும் இல்லை. பொன்னும் மிளகும் பேசப்படும் அதே பாட்டில் மீனும் நெல்லும் முதலில் பேசப்படுகின்றன என்பதைக்கூட நாம் கவனிப்பதில்லை.

முசிறிக் கண்காட்சி கடற்கரையோடு முடிவதும் பிழையே. வியன்னாவில் உள்ள, 1985இல் பதிப்பிக்கப்பட்ட கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசுத் தாளில் எர்மப்பொல்லோன் என்னும் கலத்தின் சரக்கு குறிக்கப்பட்டுள்ளது. அதில் கங்கைப் பகுதிச் சடாமாஞ்சியும் யானைத் தந்தமும் உள. கங்கைப் பொருள் சேரநாட்டுத் துறைக்கு வந்து ஏறியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே கரூர், கொடுமணல் முதலிய கொங்குநாட்டு ஊர்கள் மேலைக்கடலோடு தொடர்புற்றிருந்தன. அந்த வழிகள்தாம் புலவர்க்குப் பாலை. கறையான் புற்றும் இருப்பைப் பூவும் கரடியும் உள்ள அருவழியில் தொடங்கி முசிறியில் சென்று முட்டும் தாயங்கண்ணனார் பாட்டு இப்போது வேறாகத் தோன்றவில்லையா? பொருள்தேடிச் செல்வோர் நடந்த வழியைச் சொல்லாமல் பொருள் குவிந்த ஊரைச் சொல்ல அவர் ஒப்பவில்லை.

இணக்கம் என்னும் திரை

பல பண்பாடு என்றாலே நல்லிணக்கம் என்று எழுதிவிடுவது இன்றைய வழக்கம். எம்மிடம் வந்த வரைவிலும் அச்சொல் ஆறு பலகைகளில் இருந்தது. சங்க நூல்கள் யவனரை எவ்வாறெல்லாம் காட்டுகின்றன என்று நோக்கினால் இச்சொல் நிற்பதில்லை. புறநானூறு 56இல் யவனர் கொணர்ந்த தேறல் பாண்டியனுக்குப் பொற்கலத்தில் ஊட்டப்படுகிறது. நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை விளக்கு அரண்மனையில் எரிகிறது. முல்லைப்பாட்டில் அவர்கள் பாசறைக் காவலர். அவர்களோடு கூறப்படும் மிலேச்சர் வாய்பேசாது உடலசைவால் கருத்துரைப்போர். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகம், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் வன்சொல் யவனரைப் பிணித்து, தலையில் நெய் பெய்து, கையைப் பின்கட்டி, அவர்தம் அருங்கலமும் வயிரமும் கைக்கொண்டதை அவன் புகழாகவே கூறுகிறது.

சேரர் துறையைப் பற்றிய கண்காட்சியில் சேரர் புகழ்பாடும் பதிகம் விலக்கப்படுவது ஏன் என்பது தெளிவு. அது இனிமையானதன்று. ஆனால் அருங்கலம் வாங்குவதும் பறிப்பதும், விளக்கை விரும்புவதும் பேச்சை இழிப்பதும் ஒரே சமுதாயத்தில் ஒருங்கு நிகழ்ந்தன என்பதே அயலவரோடு வாழ்தலின் உண்மை நிலை. பார்வையாளரும் அத்தகைய ஊர்களில்தாம் வாழ்கின்றனர். மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் தமிழர் அயலவராய் வாழும் தெருக்களில் இருந்து வரும் ஒருவர்க்கு, அனைவரும் கைகோத்து நின்றனர் என்னும் பலகையைவிட இப்பதிகம் எத்துணையோ மடங்கு பேசும்.

செப்பேடு எம்மொழியில் உள்ளது?

அடையாளச் சிக்கல் கூர்மை அடைவது இடைக்காலத்தில். கி.பி. 849ஐச் சார்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு, தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தேவாலயத்திற்கு வழங்கிய கொடை. மூலம் வட்டெழுத்தில் உள்ளது. சான்றாளர் ஒப்பமோ கூபிய அரபியிலும் பகலவியிலும் எபிரேய எழுத்திலும் உள்ளது. கி.பி. 1000ஐச் சார்ந்த பாற்கர இரவியின் செப்பேடு, யூத வணிகரான யோசேப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ண உரிமை அளிப்பது. அரசன் அப்போது இருந்த இடம் முயிரிக்கோடு. முசிறி என்னும் பெயரின் தொடர்ச்சி அது. இன்று அச்செப்பேடு மட்டாஞ்சேரி யூதர் தொழுகையிடத்தில் உள்ளது.

இவற்றின் மொழி யாது? தமிழர் தமிழ் என்பர். மலையாள அறிஞர் பழைய மலையாளம் என்பர். கண்காட்சிக் குழுக்களில் இக்கேள்வி எழுந்தவுடன் கூட்டம் இரண்டாகப் பிளக்கும். இறுதியில் 'வட்டெழுத்துச் செப்பேடு' என்று மொழிப்பெயரே இல்லாத பலகை தொங்கும். இதனில் நம் தரப்புப் பிழையையும் ஒத்துக்கொள்ளல் வேண்டும். தமிழ் என்று பலகையில் எழுதிவிட்டால் வழக்கு வென்றதாகக் கருதும் மனநிலை நம்மிடம் உண்டு. முசிறி நமது என்று மேடையில் முழங்குவோர், முசிறியைப் பாடிய பாட்டைப் பட்டணத்து வீட்டு முற்றத்தில் வாழும் ஒருவர்க்கு எவ்வாறு படித்துக்காட்டுவது என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அவர் நிலத்தடியில்தான் அகழ்குழி இடப்பட்டது. பதிற்றுப்பத்தும் சிலப்பதிகாரமும் அவர்க்கும் முன்னோர் உடைமை. மறுபுறம், சங்க இலக்கியத்தை அண்டை மாநிலத்து இலக்கியமாகக் கருதித் தம் வரலாற்றுக்குப் பாப்பிரசுத் தாளையும் பெரிப்புளூசையும் மட்டுமே சான்றாக்கும் மலையாளக் கண்காட்சியாளர் தம் கையாலேயே தம் முற்றத்தைத் தோண்டி வெளியே எறிகின்றனர். சுந்தரர் பதிகம் பெற்ற திருவஞ்சைக்களம் கொடுங்கல்லூரில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதனை எம்மொழியின் இடம் என்று பலகை எழுதுவர்?

செப்பேட்டின் மொழிப்பெயரைத் தீர்ப்பாக எழுதத் தேவையில்லை. மூலத்தின் ஐந்தாறு வரிகளை இன்றைய தமிழெழுத்திலும் மலையாள எழுத்திலும் சொல்லுக்குச் சொல் அருகருகே பெயர்த்து வைத்தால் போதும். சென்னையிலிருந்து வந்தவரும் பறவூரிலிருந்து வந்தவரும் எத்தனை சொல் தமக்கு விளங்கின என்று தாமே எண்ணிக்கொள்வர். தமிழர்க்குத் தடைப்படும் ஒரு சொல் மலையாளிக்கு விளங்குமிடமும் அதன் மறுதலையும் அங்கே வெளிப்படும். இரு மொழிக்கும் பொதுவான 'உறி' என்னும் சொல்லை எகிப்திய ஓட்டிலிருந்து எடுத்து அருகே வைக்கலாம்.

மறுப்புகளும் விடையும்

முழுப்பாட்டை எவர் படிப்பர் என்பது முதல் மறுப்பு. படிக்க வேண்டா, கேட்கட்டும். அகநானூற்று 149ஆம் பாட்டு பத்தொன்பது அடி. நிறுத்தி ஓதினாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். தோணி வைத்த அரங்கிற்குச் செல்லும் இடைகழியை நீளமாகவும் வெறுமையாகவும் அமைத்து, அங்கே அப்பாட்டைத் தமிழிலும் பொருளை மலையாளத்திலும் ஒலிக்கச் செய்யலாம். துறைமுகத்தை அடையுமுன்னரே பொருள் வேண்டா என்ற குரலைக் கேட்டவர், பின்னர்க் காணும் சாடியையும் மணியையும் வேறு கண்ணோடு காண்பார். ஐந்து காட்சிப்பெட்டி கட்டும் செலவினும் இது குறைவு.

குழந்தைகளுக்கு ஐந்து அறை எளிது என்பது இரண்டாவது. எளிது, ஆனால் பிழை. பத்தாண்டு கழித்து அக்குழந்தை தமிழ் இலக்கிய வகுப்பில் வந்தமரும்போது பாலை என்பது மணல் என்னும் கருத்தைக் களைவதற்கு ஆசிரியர்க்கு ஒரு பருவம் செலவாகிறது. தமிழகத்திற்கு வெளியே இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிக்கும் அனைவரும் இதனை அறிவர்.

மூன்றாவதாக ஒன்று உண்டு; அதனை எவரும் வாய்விட்டுக் கூறுவதில்லை. தமிழ்த்துறை என்பது மேற்கோள் வழங்கும் இடம் என்னும் கருத்து அது. தொல்லியலாளர் குழியைத் தோண்டுவார், வடிவமைப்பாளர் அரங்கை வகுப்பார், வரலாற்றாசிரியர் பலகை எழுதுவார். எல்லாம் முடிந்தபின் 'இதற்குப் பொருத்தமான சங்க அடி ஒன்று தேவை' என்று நமக்குக் கடிதம் வரும். நாமும் சொல்லடைவைப் புரட்டி அன்று மாலையே அனுப்பிவைப்போம். திணை எது, துறை எது, கூற்று யாருடையது என்று வகுப்பில் மாணவரை வருத்திக் கேட்கும் நாம், அக்கேள்விகள் எவற்றையும் கண்காட்சிக்கு அனுப்பும் கடிதத்தில் எழுதுவதில்லை. முசிறி நெய்தல் அறைக்குச் சென்றதில் அமைப்பாளரின் பங்கினும் நம் பங்கு பெரிது. திணையறிவு அரங்கின் தரைப்படம் வரையும் நாளிலேயே தேவைப்படுவது. எழுத்துப்பிழை திருத்தும் நாளில் அதற்கு வேலையில்லை.

எம்மிடம் வந்த வரைவில் நெய்தல் அறைக்குரிய பலகையில் அந்த அடியைக் கோடிட்டு நீக்கி, முழுப்பாட்டையும் இணைத்து, திணையும் கூற்றும் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியுள்ளோம். இடைகழியின் நீளத்தை ஏழு மீட்டரிலிருந்து கூட்ட இயலுமா என்றும் கேட்டிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை.